குச்சி வராமல் போர்டு திரும்பாது

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சாலையில் அது ஒருவருக்கும் தெரியாது. கையில் பிடித்திருக்கும் போர்டில் ஒரு பக்கம் சிவப்பில் ‘நில்’, மறு பக்கம் பச்சையில் ‘மெல்லப் போ’. மெல்லப்போக்கா என்று கூப்பிட்டால் வாய் வலிக்கும் என்பதால் எல்லோரும் சேர்ந்து நில்லக்கா ஆக்கிவிட்டார்கள். வீட்டுக்காரர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“நான் இருபது வருஷமா தேடிட்டிருந்த பேரை அவங்க ஒரே நாள்ல கண்டுபிடிச்சுட்டாங்க” என்றார். அவர் வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டு வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவர். வாயில் எப்போதும் நூல் இருக்கும், அதையும் மீறிப் பேச்சு வரும்.

இந்த வேலைக்கு முன் ஏழு வருடம் அவள் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் மடித்தாள். ஒரு திங்கட்கிழமை போனபோது கேட்டில் பூட்டுத் தொங்கியது. அந்த வாரமே கொழுந்தன் வந்தான். தார் போடும் கோஷ்டியில் ரேக்கு பிடிக்கிறவன். மெஷின் கொட்டிவிட்டுப் போகும் சூடான கலவையை ஓரத்தில் இழுத்து மட்டமாக்குகிற வேலை.

“அண்ணி, ரோட்டு வேலைக்கு ஆள் எடுக்கறாங்க. சும்மா நிக்கிற வேலைதான். வரீங்களா?”

சும்மா நிற்கிற வேலை! அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை. முதல் நாள் ஒன்பது மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள், வாசற்படி ஏற முடியாமல் கையால் முழங்காலைத் தூக்கி வைத்துத்தான் உள்ளே வந்தாள். நிற்பது கூடப் பரவாயில்லை. வாங்கிக் கட்டிக்கொள்வது இருக்கிறதே, அதற்குத்தான் தனித் தோல் வேண்டும். அவசரத்தில் போகிறவர்கள் எல்லோருக்கும் தாமதத்துக்குக் காரணம் அவள்தான். “உன் இடத்துல ஒரு கம்பத்தை நட்டா போதும்” என்று ஒருவன் சொன்னான். “கம்பம் நட்டா நீங்க அதையும் இடிப்பீங்க, அதான் என்னை நட்டு வச்சிருக்காங்க” என்றாள். அதற்குப் பிறகு அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

கம்பெனி கொடுத்த பூட்ஸ் ஆம்பிளை அளவு. பழைய துணியைச் சுருட்டி முனையில் திணித்துப் போட்டுக்கொண்டாள். மேலே மாட்டுகிற பளபளப்புச் சட்டையை மற்றவர்கள் ஊறவைத்து அடித்துத் துவைத்து, மூன்றே மாதத்தில் பளபளப்பைச் சாகடித்துவிட்டார்கள். இவள் ஈரத் துணியால் துடைத்து நிழலில் போடுவாள். தூரத்தில் வருகிறவனுக்குத் தெரிய வேண்டியது அவள் முகம் அல்ல, சட்டையில் மின்னுகிற அந்தப் பட்டைதான். பட்டை செத்தால் அவளும் அதோடு சேர வேண்டியதுதான்.

அந்த வருடம் வேலை நடந்தது நெடுஞ்சாலையின் ஒரு வளைவில். பாதிச் சாலையை மூடித் தார் போடுவார்கள், மீதிப் பாதியில் வண்டிகள் ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கமாகப் போகும். நடுவில் ஒரு மண்மேடு. அந்த மேட்டைச் சுற்றிச் சாலை வளைவதால், இவள் நிற்கிற முனையிலிருந்து அடுத்த முனை தெரியாது. அங்கே நிற்பவனுக்கு நெட்டை என்று பெயர், ஆளும் அப்படித்தான். முன்னால் இரண்டு பேருக்கும் வாக்கி டாக்கி கொடுத்திருந்தார்கள். ஒன்றில் பேட்டரி போயிற்று. இன்னொன்றைக் கலவை போடுகிற இடத்தில் தேவை என்று சூப்பர்வைசர் வாங்கிக்கொண்டு போனார், அது அங்கேயே குடியேறிவிட்டது.

அதனால் குச்சி. மண்வெட்டிக் காம்பை அறுத்துச் சிவப்புப் பெயின்ட் அடித்த குச்சி, ஒன்றே ஒன்றுதான். குச்சி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வண்டியை விடலாம். பத்துப் பதினைந்து வண்டிகளை விட்டுவிட்டு, கடைசி வண்டிக்காரரிடம் குச்சியைக் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தபடி போய் அந்தப் பக்கம் நிற்கிறவரிடம் கொடுக்கச் சொல்ல வேண்டும். குச்சி வந்து சேர்ந்தால் நடுவில் வண்டி இல்லை என்று அர்த்தம். “எதுக்கும்மா இது, வழியில நாய் அடிக்கவா?” என்று கேட்பார்கள். ஒரு முறை ஒரு ஆள் பேச்சு மும்முரத்தில் குச்சியோடு நாலு கிலோமீட்டர் போய்விட்டு, வெட்கத்தோடு திரும்பி வந்து கொடுத்தார். இருந்தாலும் ஏழு மாதமாகக் குச்சி பொய் சொன்னதில்லை.

கோளாறு குச்சியில் இல்லை. நடுவில் இருந்தது.

அதைக் கொழுந்தன்தான் ஒரு நாள் சாப்பிட வந்தபோது பெருமையாகச் சொன்னான். குச்சி நீட்டிய வண்டி தங்களைத் தாண்டியதும் தார் கோஷ்டியில் யாராவது ஒருவர் “குச்சி போச்சு!” என்று கத்துவார்களாம். உடனே ஐந்தாறு பேர் வண்டி போகிற பாதியில் இறங்கிவிடுவார்கள். நடுக்கோட்டில் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தைச் சீராக வெட்ட அந்தப் பக்கம் மண்டி போட்டால்தான் கை வாகாக இருக்கும். தள்ளுவண்டியைத் திருப்பவும் அங்கேதான் இடம். எதிர் முனையிலிருந்து முதல் ஹாரன் கேட்டதும் துள்ளி இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள்.

“மூணு நிமிஷம் நம்ம ரோடு அண்ணி! ஒருத்தன் கேக்க முடியாது.”

“மூணு நிமிஷம்னு யார் கடிகாரத்துல பாத்த?”

“கடிகாரம் எதுக்கு? பழக்கம்தான்.”

“பழக்கத்துக்குக் கண்ணு இருக்கா? முதுகைக் காட்டி மண்டி போடறீங்களே, முதுகுல இருக்கா?”

அவன் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டான். அவளும் அதற்கு மேல் பேசவில்லை. சூப்பர்வைசரிடம் சொன்னால் கோஷ்டியையே மாற்றிவிடுவார், வீட்டுப் பிள்ளையைத் தானே காட்டிக்கொடுத்தது போலாகும் என்று வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியது வாழ்க்கையிலேயே ஐந்தாறு முறைதான் இருக்கும், அதில் இது ஒன்று.

அன்றைக்குப் பதினொரு மணி வெயில். நெட்டை பக்கத்திலிருந்து வண்டிகள் வந்தன. லாரி, இரண்டு கார், பள்ளி வேன், மறுபடி லாரி. கடைசியாக ஒரு சிவப்புக் கார் வந்தது. அதில் குச்சி இல்லை.

“உங்ககிட்ட ஒரு குச்சி குடுத்தாங்களா?”

“என்ன குச்சி? எனக்குப் பின்னாடி ஒரு வேன் வந்துச்சும்மா, வீட்டுச் சாமான் ஏத்தினது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேன் வரவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்தும் ஆயிற்று. அவள் பக்கத்தில் வரிசை நீண்டது. முன்னால் ஒரு பஸ், அதன் பின்னால் லாரிகள், நடுவில் அவசரக் குடும்பங்கள். பஸ் டிரைவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே போட்டுக்கொண்டார்.

“தாயே, மனசு இரங்காதா? இந்த ஜென்மத்துல ஊர் போய்ச் சேருவேனா?”

“குச்சி வந்தா போவீங்க.”

“குச்சிக்குக் கால் முளைச்சு ஓடிப்போயிடுச்சுன்னா?”

“அப்ப அது திரும்பி வர்ற வரைக்கும் நில்லுங்க.”

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். பதினைந்து நிமிடத்தில் அந்தச் சிரிப்பும் தீர்ந்துவிட்டது. ஹாரன்கள் ஒன்றையொன்று தூண்டிவிட்டன. அந்தச் சமயம் பார்த்துக் கலவை போடுகிற இடத்திலிருந்து சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கினார். வரிசையின் நீளத்தைப் பார்த்ததும் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. வரிசைக்குள் ஏதோ ஒரு பெரிய அதிகாரியின் கார் மாட்டிக்கொண்டு, அவர் போனில் காய்ச்சி எடுத்திருக்கிறார் போல.

“ஏம்மா, தூங்கறியா? எதுக்கு நிறுத்தி வச்சிருக்க?”

“குச்சி வரல சார்.”

“கடைசி வண்டி வந்துச்சா இல்லையா?”

“கடைசி வண்டி வரல. அதுக்கு முன்னாடி வண்டி வந்துச்சு. பின்னாடி ஒரு வேன் வருதுன்னு சொன்னாங்க.”

“அது எங்கயாவது டீ குடிக்க நின்னிருக்கும். கால் மணி நேரமா ஒரு வண்டியும் வரலைன்னா ரோடு காலின்னு அர்த்தம். போர்டைத் திருப்பு.”

“குச்சி வராம போர்டு திரும்பாது சார்.”

“அது வெறும் கட்டைம்மா!”

“கட்டைதான். வாக்கி டாக்கியை நீங்க எடுத்துட்டுப் போனதுக்கப்புறம் எங்களுக்கு அந்தக் கட்டைதான் வாய்.”

பஸ் டிரைவர் “அடி சக்கை” என்றார். சூப்பர்வைசருக்கு அது இன்னும் சுருக்கென்றது.

“நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்.”

“சரி. இன்னிக்கு இருக்கேன்ல?”

அவர் கை நீட்டிப் போர்டைப் பிடித்தார். அவள் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் காம்பை மார்போடு அணைத்துக்கொண்டு, நேரே போய் பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் நின்றாள். முதுகு முழுக்க இஞ்சின் சூடு. இவள் மேல் ஏற்றிக்கொண்டு போனால்தான் உண்டு. டிரைவர் இஞ்சினையே அணைத்துவிட்டார்.

“நான் நகரல சார். அந்தம்மா நகர்ந்தா நகர்றேன்.”

“அவ்வளவு அவசரம்னா நீங்களே பைக்ல போய்ப் பாத்துட்டு வாங்க சார்” என்றாள். “நடுவுல ஒண்ணும் இல்லைன்னு நீங்க திரும்பி வந்து சொல்லுங்க. அந்த நிமிஷம் திருப்பறேன்.”

அப்போதே அவள் இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். நடுவில் ஆட்கள் பாதையில் இறங்கியிருப்பார்கள், மெல்லப் போங்கள் என்று. நாக்கு நுனிவரை வந்தது. கொழுந்தன் முகம் நினைவுக்கு வந்தது. விழுங்கிவிட்டாள்.

சூப்பர்வைசர் கோபத்தில் பைக்கை முறுக்கினார். வளைவில் திரும்பி மறைந்தார். பத்து எண்ணுவதற்குள் டயர் தேய்கிற சத்தம், அதைத் தொடர்ந்து இரும்பு தரையில் இழுபடுகிற சத்தம். வரிசையில் இருந்த ஹாரன் அத்தனையும் ஒரே நேரத்தில் அடங்கின.

அவளுக்கு ஓட வேண்டும் போல இருந்தது. ஓடினால் போர்டு இல்லாத முனை ஆகிவிடும். காலை ஊன்றிக்கொண்டாள். அந்தச் சில நிமிடங்களைப் பற்றி அவள் பிற்பாடு யாரிடமும் பேசியதில்லை.

சூப்பர்வைசர் நடந்து வந்தார். பேன்ட் முழங்காலில் கிழிந்து ரத்தம், உள்ளங்கையெல்லாம் தார். முகத்தில் கோபம் இல்லை. முகமே இல்லை என்று சொல்லலாம்.

“யாருக்காச்சும்…?”

“இல்ல. நான் பைக்கைச் சாய்ச்சுட்டேன்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “ஆறு பேரும்மா. ரோட்டு நடுவுல, முதுகைக் காட்டிட்டு. ஜெனரேட்டரைக் கூட இழுத்து வச்சிருக்காங்க.”

நடந்தது இதுதான். நெட்டை குச்சியைக் கொடுத்தது அந்தச் சாமான் வேனிடம். அது தார் கோஷ்டியைத் தாண்டியது. “குச்சி போச்சு” என்று கத்தி ஆட்கள் இறங்கினார்கள். வேன்காரர் அடுத்த நூறு அடியில் மேட்டை ஒட்டிய மண்பாதையில் திரும்பிவிட்டார். அங்கே உள்ள கோழிப்பண்ணைக்குத்தான் குடி வந்திருக்கிறார்கள். குச்சியைக் கட்டிலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுச் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். இவள் முனையிலிருந்து வண்டி வராதது கோஷ்டிக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. மூன்று நிமிடம் இருபது நிமிடமாக நீள நீள அவர்களும் பாதையில் பரவிக்கொண்டே போனார்கள். போர்டு திரும்பியிருந்தால் அந்த வளைவைச் சுற்றி முதலில் போயிருப்பது பஸ்.

பஸ் டிரைவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கதவை மூடினார். கோழிப்பண்ணையிலிருந்து குச்சி வந்து, போர்டு திரும்பி, அவளைத் தாண்டும்போது நெற்றியில் கை வைத்து ஒரு சலாம் போட்டுவிட்டுப் போனார். அவள் பார்க்காதது போல இருந்தாள்.

மூன்று மணிக்கு என்ஜினியரம்மா விசாரிக்க வந்தார். அதற்குள் கொழுந்தன் அவள் முனைக்கு ஓடி வந்துவிட்டான். தாடியெல்லாம் தார்ப்புகை.

“அண்ணி, சூப்பர்வைசரே அமுக்கிடலாம்னு சொல்லிட்டாரு. பைக் வழுக்கிடுச்சுன்னு முடிஞ்சுடும். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க.”

“அவர் ஏன் அமுக்கறாரு?”

“வாக்கி டாக்கி விஷயம் வெளிய வந்துடும்ல.”

“நல்லா இருக்கு. அவர் தப்பை நீங்க மூடுங்க, உங்க தப்பை அவர் மூடட்டும். மொத்தத்தையும் மூட நாளைக்கு ஒரு பெரிய துணி கேப்பாங்க, வெள்ளையா.”

“அண்ணி, கோஷ்டியை வேற சைட்டுக்குத் தூக்கி அடிச்சுடுவாங்க.”

“அடிக்கட்டும். உயிரோட போவீங்கள்ல?”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளுக்கும் உள்ளே வலித்தது. ஆனால் சூப்பர்வைசரின் முழங்காலில் அவள் விழுங்கிய வார்த்தையும் இருந்தது. இன்னொரு முறை விழுங்க அவள் தயாராக இல்லை.

என்ஜினியரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வாக்கி டாக்கி போனது, குச்சி போச்சு என்று கத்துவது, மூன்று நிமிட ரோடு, அது தெரிந்தும் தான் ஒரு மாதமாகச் சொல்லாமல் இருந்தது, அன்று காலையும் சொல்லாமல் அவரை அனுப்பியது. சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். கோஷ்டி மேஸ்திரி இவளைப் பார்த்தார், பார்வையிலேயே தார் காய்ச்சலாம்.

“போட்டுக் குடுத்துட்டியேம்மா” என்றார் மேஸ்திரி.

“ஆமா. உங்களைப் பெத்தவங்க கிட்ட வந்து துக்கம் விசாரிக்கறதுக்கு இது பரவாயில்ல.”

என்ஜினியரம்மா நோட்டை மூடினார். “இப்ப என்ன பண்ணலாம்னு நினைக்கறீங்க?” சும்மா கேட்ட மாதிரிதான் இருந்தது. இவளோ வெகுநாள் யோசித்து வைத்தவள் போலச் சொன்னாள்.

“மூணு வாக்கி டாக்கி வேணும் மேடம். நடுக்கோட்டுல நெருக்கமா கோன் வைக்கணும். அந்த ஓரத்தை வெட்டணும்னா ரெண்டு முனையையும் நிறுத்திட்டு, சொல்லிட்டு, அப்புறம் இறங்கட்டும். அதைப் பாத்துக்க நடுவுல ஒரு ஆள், விசிலோட.”

“நடுவுல யார் நிப்பா?” என்று மேஸ்திரி சிரித்தார். நியாயமான சிரிப்புதான். ஒரு பக்கம் கொதிக்கிற தார், மறு பக்கம் உரசிக்கொண்டு போகிற லாரி, நிழல் என்று ஒரு விரல் அளவு கூடக் கிடையாது.

“நான் நிக்கறேன்.”

“நாளைக்கு நீதான் வேலைக்கே வரப்போறதில்லையே?” என்று மேஸ்திரி சூப்பர்வைசரைப் பார்த்தார்.

சூப்பர்வைசர் கட்டுப்போட்ட முழங்காலைத் தடவினார். “கோவத்துல சொன்னது” என்றார். “வரட்டும்.”

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் மிஷினை நிறுத்தினார். “ஓரமா நின்னுட்டிருந்தவ நடுரோட்டுக்கு வந்துட்டியா?”

“உங்க தம்பி அங்க மண்டி போடறானே.”

அவர் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, “விசில் ஊத வருமா உனக்கு?” என்றார். வராது. எட்டு மணிவரை ஊதிப் பழகினாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துக் குக்கரா என்று கேட்டாள்.

மறுநாள் காலை அவள் முனையில் தண்ணீர் தெளிக்கும் கோஷ்டியிலிருந்து ஒருத்தி போர்டோடு நின்றாள். இவள் நடுவில், கழுத்தில் விசில், கையில் புது வாக்கி டாக்கி. கோன்கள் ஒரு கை இடைவெளியில் வரிசையாக. கோஷ்டியில் ஒருவரும் அவளிடம் பேசவில்லை. தண்ணீர் பாட்டிலை அவளைத் தாண்டி அடுத்தவனிடம் கொடுத்தார்கள். சரி, தாகம் அவளுக்கு, வீம்பு அவர்களுக்கு.

முதல் கூட்டம் வண்டிகள் போயின. கடைசி வண்டியும் தாண்டியது. “போச்சு!” என்று பழக்கத்தில் யாரோ கத்தினார்கள். கொழுந்தன் ரேக்கைப் பிடித்தபடி ஒரு காலைத் தூக்கிக் கோனுக்கு அந்தப் பக்கம் வைத்தான்.

விசில் கிழித்தது. எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

“ஒண்ணும் வராது அண்ணி. இந்த ஓரம் மட்டும்.”

“காலை எடு.”

“ஒரு நிமிஷம்…”

“முதல்ல காலை எடு. நிறுத்தணும்னா என்கிட்ட கேளு, நிறுத்தித் தரேன். கேக்காம வைக்காத.”

“எல்லாரும் பாக்கறாங்க அண்ணி” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. கால் அங்கேயே இருந்தது. மேஸ்திரி ரோலரை நிறுத்தச் சொல்லிவிட்டு வேடிக்கை பார்த்தார். விட்டுக்கொடுத்தால் இன்றோடு முடிந்தது என்று அவளுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அவள் வாக்கி டாக்கியை வாய்க்கு அருகே கொண்டுபோனாள்.

“நெட்டை, ரெண்டு முனையிலும் வண்டி விடாதீங்க. நடுரோட்டுல ஒரு கால் இருக்கு.”

“என்னது அக்கா? கல்லா?” கரகரவென்று நெட்டையின் குரல்.

“கால். என் கொழுந்தனோட இடது கால். அது கிளம்பற வரைக்கும் எல்லாரும் காத்திருக்கட்டும்.”

அந்தக் கருவியில் மூன்று பேரும் கேட்பார்கள், முனையில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களும் கேட்பார்கள். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு முனையிலும் ஹாரன் ஆரம்பித்தது. நெட்டை மறுபடி வந்தான்: “அக்கா, இங்க ஒரு லாரிக்காரர் கேக்கறாரு, அந்தக் காலுக்கு ஏதாவது அவசர வேலை இருக்கான்னு.”

ரோலர்காரன் முதலில் சிரித்தான். பிறகு மற்றவர்கள். மேஸ்திரி மீசைக்குள் அடக்கப் பார்த்து முடியாமல், “டேய், எடுடா, மானம் போகுது” என்றார்.

கொழுந்தன் காலை எடுத்து இந்தப் பக்கம் வைத்தான். முகம் தாரைவிடச் சூடாக இருந்தது. ஒரு நிமிடம் ரேக்கைக் கலவைக்குள் குத்திக்கொண்டு நின்றான். பிறகு அவளைப் பார்க்காமலே, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, “இந்த ஓரத்தை வெட்டணும். நிறுத்தித் தாங்க” என்றான்.

“எவ்வளவு நேரம்?”

“அஞ்சு நிமிஷம்.”

அவள் இரண்டு முனைக்கும் சொல்லி, இரண்டு பேரிடமும் “நிறுத்தியாச்சு” என்று பதில் வாங்கினாள். அதற்குப் பிறகுதான் இரண்டு கோனை நகர்த்தி வழி விட்டாள். ஆறு பேரும் இறங்கினார்கள். அவள் அவர்கள் முதுகுப் பக்கம் போய், வளைவைப் பார்த்தபடி நின்றாள்.